காகிதக் குழாய்க்கு நானூற்று ஐம்பது ரூபாய்

தம்பிகளா, பழைய ரேடியோவும் பாட்டுப்பெட்டியும் வாங்கி விற்கிற நீங்கள் பத்துப் பேர் கூடி, என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்து, விலை போடுவது எப்படி என்று பேசச் சொல்கிறீர்கள். சரி, பேசுகிறேன். கடையை மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று, இடது காது சுத்தமாகப் போய்விட்டது, ஆனால் கோபம் மட்டும் குறையவில்லை. அதனால் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போனால் எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

ஒரு பெட்டி உங்கள் கடைக்கு வந்தால் நீங்கள் முதலில் தொடுவது பெட்டியை அல்ல, கைபேசியை. அதில் யாரோ எங்கோ ஒன்றரை லட்சம் என்று போட்டிருக்கிறான். உடனே உங்களுக்கும் அது ஒன்றரை லட்சம். அட, அது அவன் கேட்கிற விலையப்பா. அவன் விற்ற விலை என்று யார் சொன்னது? கேட்பதற்கு என்ன, என் பழைய செருப்புக்குக்கூட நான் பத்தாயிரம் கேட்பேன். வாங்க ஒருத்தன் வர வேண்டாமா? இது ஒரு வகைத் தப்பு. இதற்கு நேர் எதிரான தப்பு ஒன்று உண்டு. அதைத்தான் நான் செய்தேன். பாவம் பார்த்து விலையைக் குறைத்தேன். அதில் ஒரு மனுஷன் திருடன் என்று கையெழுத்துப் போடுகிற நிலைக்கு வந்து நின்றான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எங்களுடையது தோல் குடும்பம். என்னைப் பெற்ற அத்தா தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். மேல்பக்கம் எவ்வளவு மினுக்கினாலும் அவர் தோலைப் புரட்டி சதைப்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டார். எனக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல் ஸ்டேஷன் போகிற ரோட்டில் ஒரு கடை போட்டேன். முன்னால் கடை, பின்னால் வீடு. ரேடியோ விற்பேன், மைக்செட் வாடகைக்கு விடுவேன், பழைய கிராமபோன் வாங்கி விற்பேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கிராமபோனுக்கு விலை போடுகிற முறையே வேறு. பெட்டி வந்ததும் முதலில் தராசில் ஏறுவது பாட்டு வெளியே வருகிற அதன் பித்தளைக் குழாய். பூட்டு செய்கிற ஊர் ஆயிற்றே, பித்தளை என்றால் பட்டறைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். குழாயின் எடைதான் விலை. மரப்பெட்டிக்கும் மோட்டாருக்கும் மேலே ஏதோ ஐந்து பத்து பார்த்துப் போடுவோம். பாடுகிறதா, எப்படிப் பாடுகிறது என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எத்தனை நல்ல குழாய்களை உருக்குவதற்குத் தூக்கிக் கொடுத்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், காலை பத்து மணி இருக்கும். கடை வாசலில் ஒற்றைமாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டி முழுக்க ஒரே ஒரு குழாய். கறுப்பு வண்ணம் பூசியது, வாய் மட்டும் கோயில் குடை அகலம். பக்கத்தில் ஒரு சதுர மரப்பெட்டி. வண்டிக்குப் பின்னால் எங்கள் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டையா நடந்து வந்தார். அவர் கையில் ஒரு மனிதரின் சட்டைக் கை சிக்கியிருந்தது. ஐம்பது வயது இருக்கும், வெளுத்த சட்டை, தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. கடைத்தெரு முழுக்க அவரை அப்படியே நடத்திக் கூட்டி வந்திருக்கிறார்கள். பின்னாலேயே காரில் வந்து இறங்கினார் புகையிலைக் கமிஷன் கடை முதலாளி.

முதலாளியை எனக்கு நன்றாகவே தெரியும். கடையில் அதிகம் வாங்குகிறவர் அவர்தான். ஆயுத பூஜைக்கு மைக்செட் என்னிடம், வீட்டு ரேடியோ என்னிடம். வரப்போகிற மகள் கல்யாணத்துக்கு, சம்பந்தி வீட்டாருக்குக் கொடுப்பதற்கென்று நாலு புது ரேடியோ சொல்லிவைத்திருந்தார். அதுவரை ஒரே ஆளிடம் நாலு ரேடியோ நான் விற்றதில்லை.

ஏட்டையா விஷயத்தைச் சொன்னார். “பாய், இது திருட்டுச் சமாச்சாரம். முதலாளி நாலு வருசத்துக்கு முன்னால பழனி மலையில ஒரு துரையோட காப்பித் தோட்டத்தையும் பங்களாவையும் வாங்குனாருல்ல, அந்தப் பங்களாச் சாமானாம் இது. இந்தாளு மாரப்பன், நெய்க்காரப்பட்டி. துரைகிட்ட சமையல்காரனா இருந்தவன். இன்னைக்குக் காலையில ரயிலை விட்டு இதோட எறங்குறப்ப முதலாளி ஆளு பாத்துட்டான். கேஸ் எழுதணும்னா சொத்து என்ன பெறும்னு எழுதணும். பாட்டுப்பெட்டிக்கு விலை சொல்ல உங்களை விட்டா யாரு? ஒரு சீட்டு எழுதிக் குடுங்க.”

“ரெண்டாயிரம்னு எழுதுங்க பாய்” என்றார் முதலாளி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. “கொடைக்கானல்ல ஒரு வெள்ளைக்காரன் சொன்னான். லண்டன்லயே இந்த மாதிரி கொஞ்சம்தான் செஞ்சானுகளாம். அம்புட்டு விலையுள்ளதை எந்தத் துரையாவது சமையல்காரனுக்குச் சும்மா தூக்கிக் குடுப்பானா? நீங்களே சொல்லுங்க.”

மாரப்பன் என்னைப் பார்த்தார். பயந்த பார்வை இல்லை. “தொரை ஊருக்குப் போறப்ப எனக்குக் குடுத்ததுங்க பாய். உன்ற கைக்குத்தான் இது பாடும், நீயே எடுத்துக்கடான்னு சொல்லிக் குடுத்தாருங்க. எழுதி ஒண்ணும் வாங்கலீங்க. எழுதி வாங்கோணும்னு எனக்குத் தெரியலீங்க. மோட்டாரு ஸ்பிரிங்கு முனகுது, உங்ககிட்டக் காட்டலாம்னுதான் ரயிலேறி வந்தனுங்க.”

அதாவது என் கடைக்கு வந்த வாடிக்கையாளரை, என் கடை வாசலிலேயே, திருடன் என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் குழாயைத் தட்டிப் பார்த்தேன். பித்தளைச் சத்தம் வரவில்லை. பொத்தென்று ஒரு சத்தம். காகிதம். காகிதத்தைக் கூழாக்கிப் பசை போட்டு அடுக்கி அடுக்கிச் செய்த குழாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை எந்தப் பட்டறைக்காரன் வாங்குவான்? தராசில் வைத்தால் முள் அசையாது.

அந்த நேரத்தில் பின்கட்டுக் கதவிடுக்கிலிருந்து என் மனைவி ஆமினா, “செத்த நேரம் இங்க வந்துட்டுப் போங்க” என்று கூப்பிட்டாள். போனேன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அந்த மனுசன் மூஞ்சியைப் பாத்தா திருடுனவரு மாதிரியா இருக்கு? பெருசா விலை எழுதுனா ரிமாண்டுக்கு அனுப்பிருவாங்க. முப்பதோ நாப்பதோன்னு எழுதிக் குடுத்துருங்க. இம்புட்டூண்டு விலைக்கு யாரு கேஸு போடுவா? திட்டிட்டு விட்டுருவாங்க.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தம்பிகளா, இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் பெட்டியைத் திறக்கவில்லை. குழாயைப் புரட்டவில்லை. ஒரு இசைத்தட்டைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை. பித்தளை இல்லை என்ற இளக்காரம் பாதி, ஐயோ பாவம் என்ற இரக்கம் பாதி. இரண்டும் சேர்ந்து என் கையைப் பிடித்து எழுதவைத்தன. ‘காகிதக் குழாய் கிராமபோன் ஒன்று, மதிப்பு ரூபாய் நாற்பது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏட்டையாவிடம் கொடுத்தேன். பெரிய தர்மம் பண்ணிவிட்ட நினைப்பு எனக்கு.

ஏட்டையா வாய்விட்டுப் படித்தார். மாரப்பனுக்கு முகமே மாறிப்போயிற்று. திருடன் என்று நடுத்தெருவில் இழுத்து வந்தபோதுகூட அப்படி மாறியிருக்காது.

“நாப்பதுங்களா?” என்றார். “ஏனுங்க பாய், ஒருக்காக் கேட்டுப் பாத்தீங்களா? திருடன்னு சொல்றவிய சொல்லிட்டுப் போகட்டுமுங்க. தெரிஞ்ச நீங்க இதைக் காகிதம்னு சொல்லலாமுங்களா?”

எனக்கு எரிச்சல். உன்னைக் காப்பாற்றத்தானப்பா எழுதினேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் முதலாளி இருக்கிறாரே, அவர் வியாபாரி. ரெண்டாயிரம் நாற்பதானதும் அவர் முகம் சுண்டவில்லை. யோசித்தார். தோல்பையைத் திறந்து, டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

“ஏட்டையா, காலையில ரசீது இருக்கான்னு கேட்டீங்கல்ல. இந்தா, துரை குடுத்த சாமான் பட்டியல். பங்களாவோட சேத்து நான் வாங்கினது. கடைசி வரியைப் பாருங்க. சில்லறைச் சாமான்கள், ஐம்பது ரூபாய். பாயே எழுதிட்டாரு, இது நாப்பது ரூபாய்ப் பெட்டின்னு. அப்ப இந்த ஐம்பதுக்குள்ள இது அடங்கிருச்சுல்ல? நான் காசு குடுத்து வாங்கின பொருள். சரி, போகட்டும், ஜெயிலுக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். பெட்டியை என் காருல ஏத்திரட்டும், தெரியாம எடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு ஆளு போகட்டும்.”

ஏட்டையாவுக்கு நிம்மதி. நாற்பது ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்கு அலைவது? “யோவ் மாரப்பா, முதலாளி பெரிய மனசு பண்றாரு. எடுத்தது தப்புன்னு ஒரு கைநாட்டு வச்சுட்டு அடுத்த ரயிலைப் பிடி” என்றார்.

“கைநாட்டு இல்லீங்க, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமுங்க” என்றார் மாரப்பன். “ஆனாப் போட மாட்டனுங்க. ஸ்டேஷனுக்கு வேணா வாரனுங்க.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பொட்டில் அடித்தது போல ஆயிற்று. அவர் ஜெயிலுக்குப் போகத் தயாராக நிற்கிறார். நான் எழுதிய இரக்கமோ அவருடைய பெட்டியையும் பேரையும் சேர்த்து முதலாளி கையில் தூக்கிக் கொடுத்துவிட்டது. நாற்பது என்று நான் எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் கடைசி வரியை முதலாளி எடுத்துக் காட்டியிருக்கவே முடியாது. வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் எனக்கு அடுத்து வருவது கோபம்தான்.

“ஏட்டையா, அந்தச் சீட்டைக் குடுங்க” என்று கையை நீட்டினேன்.

“எழுதினது எழுதினதுதான் பாய்” என்றார் முதலாளி.

“ஓட்டிப் பாக்காம எழுதிட்டேன். அது விலை இல்ல முதலாளி, நான் போட்ட பிச்சை. அவரு கேக்கவே இல்ல, நானாப் போட்டேன்” என்று சொல்லி, சீட்டை வாங்கிக் குறுக்கே கோடு போட்டேன். “இனிமே விலை போடுறேன். எல்லாரும் பேசாம இருங்க.”

பெட்டியை மேஜைமேல் ஏற்றினோம். குழாயைப் பொருத்த மாரப்பனை விட்டால் ஆளில்லை. அதன் கழுத்தை அவர் பிடித்த விதத்திலேயே பழக்கம் தெரிந்தது. அவர் துணிப்பையில் மூன்று தட்டுகள் இருந்தன. ஒன்றை வைத்துச் சாவி கொடுத்தேன். வழக்கம்போல என் டப்பாவிலிருந்து ஓர் எஃகு ஊசியை எடுத்து மாட்டப் போனேன். மாரப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். போலீஸ்காரர் முன்னால், கைதி மாதிரி நிற்கிறவர்.

“வேண்டாமுங்க, அது போட்டா தட்டு போயிருமுங்க” என்று சொல்லிவிட்டு, இடுப்பு மடியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். உள்ளே முள். கருவேல முள், தம்பிகளா. விளக்கெண்ணெயில் ஊறவைத்து, அடுப்பு மேட்டில் வைத்து உலர்த்தி, பிளேடால் நுனி சீவிய முட்கள், வரிசையாக அடுக்கி. ஒரு பக்கம் பாடினால் நுனி மழுங்கிவிடும், திரும்பச் சீவ வேண்டும். துரை இருந்தவரை தினமும் சாயங்காலம் சமையலை முடித்துவிட்டு முள் சீவியது இவர்தான். பதினாறு வருடம்.

முள்ளைப் பொருத்தித் தட்டில் இறக்கினார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடினாள். பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அதுவரை நான் கேட்ட கிராமபோன் எல்லாம் தகர டப்பாவுக்குள் இருந்து கத்துகிற மாதிரித்தான் இருக்கும். இது என் கடைக்குள் ஒரு பெண் வந்து நின்று பாடுகிற மாதிரி இருந்தது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆமினா கதவோரம் வந்து நின்றாள். ரோட்டில் போன ரெண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டார்கள். ஏட்டையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முதலாளி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாட்டு நன்றாக இருந்தது என்பதற்காக விலையைக் கூட்டினேன் என்று நினைக்காதீர்கள். அழுகை வரவைக்கிற பொருளுக்கும் விலை காய்ந்த கண்ணோடுதான் போட வேண்டும். பாட்டு முடிந்ததும் அத்தா தோலைப் புரட்டுகிற மாதிரி குழாயைக் கழற்றிப் புரட்டினேன். பின்பக்கம் முழுக்க ஒட்டு. மழைக்காலத்தில் காகிதம் வெடிக்கும் போலிருக்கிறது. வெடித்த இடத்தில் எல்லாம் பஞ்சாங்கத் தாளைக் கிழித்துப் பசை தடவி ஒட்டி, மேலே வண்ணம் பூசியிருந்தது. வருடத்துக்கு ஒரு பஞ்சாங்கம். ஒரு ஒட்டுகூடத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. கரையான் பொட்டு ஒன்று இல்லை. மலைமேல் இருந்த காகிதம் இத்தனை வருடம் இப்படி இருக்கிறது என்றால் அது குழாயின் சமர்த்து இல்லை. மோட்டாரைத் திறந்தேன். ஸ்பிரிங் முனகத்தான் செய்தது. மாற்ற வேண்டும், ஐம்பது ரூபாய் வரை பிடிக்கும்.

இப்போது விலை. பென்சிலை எடுத்துக்கொண்டு வாய்விட்டே கணக்குப் போட்டேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. ஒரு புது வால்வு ரேடியோ அன்றைக்கு நானூறு ரூபாய்க்குப் பக்கம். ஊரில் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் இந்தக் குழாயை விட்டுவிட்டு ரேடியோவைத்தான் வாங்குவார்கள். ஆகவே நூறு பேரை மறந்துவிட வேண்டியதுதான். இதை வாங்கக்கூடிய ஆட்கள் எனக்குத் தெரிந்து மூன்றே பேர். மதுரையில் ஒரு கண் டாக்டர், ஒரு கல்லூரி வாத்தியார், மலைமேல் பள்ளிக்கூடம் நடத்துகிற ஒரு பாதிரியார். வாத்தியாரிடம் ஆசை உண்டு, காசு இல்லை. பாதிரியார் தவணை கேட்பார். டாக்டர், இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அறுநூறு தருகிறேன் என்று என்னிடம் சொல்லியே இருக்கிறார். ஆனால் வாய் அறுநூறு சொல்லும், பையில் கை போகும்போது ஐந்நூறாகிவிடும். அவரோடு பழகிய எனக்குத் தெரியும். அதில் ஸ்பிரிங்குக்கு ஐம்பது கழிக்க வேண்டும். முள் சீவக் கற்றுக்கொடுக்கிற ஆள் கூடவே வந்தால்தான் அந்த விலையும். நானூற்று ஐம்பது.

“நானூத்தம்பது” என்றேன். “ரெண்டாயிரமும் இல்ல, நாப்பதும் இல்ல. எவன் கேட்டாலும் இதுதான்.”

முதலாளி எழுந்துவிட்டார். “காகிதக் குழாய்க்கு நானூத்தம்பதா? என்ன பாய், மூளை கலங்கிருச்சா?”

“செத்த நேரத்துக்கு முன்னால இதே காகிதக் குழாய்க்கு ரெண்டாயிரம்னு சொன்னது நீங்கதான் முதலாளி. நான் உங்க விலையில ஆயிரத்தஞ்சூறுக்கு மேல குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன்.”

ஏட்டையா இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

“அந்தப் பட்டியலைக் குடுங்க” என்று வாங்கி, ஏட்டையாவுக்காக ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தேன். தேக்குக் கட்டில் இரண்டு. நாற்காலி ஆறு. சுவர்க் கடிகாரம் ஒன்று, பதினைந்து ரூபாய். கறி வைக்கிற வலைப்பெட்டி ஒன்று, நாலு ரூபாய். ஓட்டை வாளி ஒன்று, எட்டணா. “ஏட்டையா, ஓட்டை வாளிக்கு எட்டணா போட்டு எழுதின துரை, நானூத்தம்பது ரூபாய்ப் பெட்டியை மறந்துபோயி சில்லறைச் சாமான்ல போட்டுட்டானா? ஐம்பது ரூபாய்க்குள்ள இது எப்படி அடங்கும்? பட்டியல்ல இது இல்லைன்னா, துரை இதை விக்கல. விக்காம வேற என்ன பண்ணிருப்பான்? பதினாறு வருசம் முள் சீவினவருக்குக் குடுத்துட்டுப் போயிருக்கான்.”

ஏட்டையா பட்டியலை வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. “முதலாளி, துரை பங்களாவுல இந்தப் பெட்டியை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

“வாட்ச்மேன் சொன்னான்” என்றார் முதலாளி.

“நீங்க பாத்தீங்களா?”

முதலாளி பட்டென்று என் பக்கம் திரும்பினார். “பாய், நாலு ரேடியோ சொல்லியிருந்தேன்ல? வேண்டாம். மைக்செட்டும் இனிமே மதுரையிலருந்து வரும். யோசிச்சுச் சொல்லு, என்ன விலை?”

தம்பிகளா, நான் பெரிய வீரன் இல்லை. அந்த நாலு ரேடியோவின் லாபத்தில் கடைக்கூரையை மாற்றுவதாக இருந்தேன். ஆனால் ஒரே காலையில் இரண்டு தடவை ஒரு பொருளுக்குப் பொய் விலை எழுத என்னால் முடியாது. முதல் பொய் பயத்தில் எழுதியது இல்லை, அதற்கே எனக்கு இத்தனை வெட்கம். பயத்தில் ஒன்று எழுதினால் அப்புறம் நான் பென்சிலையே தொட முடியாது.

“நானூத்தம்பது” என்றேன்.

“அம்புட்டுப் பெறும்னா நீ வாங்குவியாய்யா அந்த விலைக்கு? எழுதுறது சுலபம். காசை வைக்கச் சொல்லு பாப்போம்.”

“வைக்கிறேன்” என்று கல்லாவைத் திறந்தேன். இருநூற்றுச் சொச்சம்தான் இருந்தது. நான் எண்ணி முடிப்பதற்குள் ஆமினா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் ஏலச்சீட்டு எடுத்த பணம். நாற்பது என்று எழுதச் சொன்னவள்தான். இரண்டையும் சேர்த்து நானூற்று ஐம்பதை எண்ணி மாரப்பன் முன்னால் தள்ளினேன். “எழுதின விலைக்கு நானே வாங்கிக்கிறேன். குடுக்குறீங்களா?” என்று கேட்டேன்.

மாரப்பன் பணத்தைப் பார்த்தார். அவர் அந்த மாதிரிப் பணத்தை மொத்தமாகப் பார்த்திருக்க மாட்டார்.

“விக்கறதுக்குக் கொண்டாரலீங்க பாய்” என்றார். “ஸ்பிரிங்கு முனகுதுங்க. அதைப் பாத்துக் குடுங்க.”

ஏட்டையா சிரித்தே விட்டார். பட்டியலை முதலாளியிடம் மடித்துக் கொடுத்து, “புகார் எழுத வழியில்ல முதலாளி” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். கார் கிளம்பிப் போயிற்று. அதோடு முதலாளியின் வியாபாரமும் போயிற்று, திரும்பி வரவில்லை. அந்த மழைக்காலம் கடைக்குள் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்தோம். அதைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

வேறு பெட்டியின் ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டுக் கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. ரயில் ஸ்டேஷனுக்குப் போக வண்டி பிடித்துத் தருகிறேன் என்றேன். பக்கம்தான், பின்வழியாகப் போனால் ஐந்து நிமிஷம் என்றும் சொன்னேன்.

“வண்டி வேண்டாமுங்க, பின்வழியும் வேண்டாமுங்க” என்றார் மாரப்பன். “கடைத்தெருவு வழியாத்தான இழுத்துட்டு வந்தாங்க. அந்த வழியாவே நடந்து போறனுங்க.”

துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து அதன்மேல் குழாயைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெட்டியை நான் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் நடந்தேன். வெயில் நேரம், கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். காலையில் அவரைப் பிடித்துப் போனதைப் பார்த்த அதே ஆட்கள். மாரப்பன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. கமிஷன் கடைக்கு முன்னால் வந்தபோது உள்ளே முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருடைய கணக்குப்பிள்ளை படியிறங்கி வந்து, “என்ன பாய் அது, அந்தாளு தலையில?” என்று கேட்டார்.

மாரப்பன் நின்றார். நானும் நின்றேன். உள்ளே இருக்கிறவருக்கும் எதிர்க்கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“பாட்டுப்பெட்டி. நானூத்தம்பது ரூபாய் பெறும். இந்தா, இவரு மாரப்பன். இவரோடது.”